ரெண்டரை

அக்கா, அன்னைக்கு ஆத்தூர்ல தப்பு பண்ணது நான்தான். இது போதும், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் வாசலில் கால் வைத்ததுமே சொல்ல முடியாது. வா கண்ணு என்பார் கோமளாக்கா, உட்காரு என்பார், தண்ணீர் கொண்டுவருவார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னால் தண்ணீருக்காகத்தான் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். குடிப்பதற்கு முன்னால் சொன்னால் கையில் டம்ளரோடு அவர் நிற்க வேண்டியிருக்கும். அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். இப்படி ஆரம்பித்தால் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவார். "எங்கம்மா போகணும்?" கண்டக்டர் என் தலைக்கு மேலே நிற்கிறார், எத்தனை நேரமாக நிற்கிறாரோ. பாவடி, என்கிறேன். "என்னது?" பாவடி. எனக்கே கேட்கவில்லை, பஸ்ஸோ பழைய பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வர உறுமிக்கொண்டிருக்கிறது. "பால் பண்ணையா?" நான் தலையாட்டுகிறேன். அவர் ரோஸ் நிற இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போகிறார். பால் பண்ணை, பாவடிக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிறது. இல்லைங்க, பாவடி, என்று இப்போதுகூடச் சொல்லலாம். அவருடைய முதுகு ஒன்றும் தூரத்தில் இல்லை. சொன்னால் திரும்புவார், பக்கத்துச் சீட்டு அம்மாவும் திரும்புவார், அப்புறம் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன். இப்படித்தான். அன்றைக்கும் இப்படித்தான் தலையாட்டினேன்.

தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாராவது ஏதாவது சொன்னால் முதல் தடவை கேட்காவிட்டால் "ஆங்?" என்பேன், இரண்டாம் தடவையும் கேட்காவிட்டால் "என்னங்க?" என்பேன், மூன்றாவது தடவை கேட்க எனக்கு இந்த இருபத்து மூன்று வயதுவரை வாய் வந்ததில்லை. மூன்றாவது தடவை கேட்டால் எதிரில் இருப்பவருடைய முகம் மாறும், லேசாகத்தான் மாறும், ஆனால் மாறும். அதைப் பார்க்கிறதற்குப் பதில் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். பாட்டி செத்துப்போயிட்டாங்க என்று ஒரு தோழி சொன்னபோது அப்படிச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். அதோடு அவள் பேசுவதில்லை. ஆத்தூர் கல்யாண மண்டபத்தில் கோமளாக்கா மேடையில் என் பக்கம் திரும்பி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, ரெண்டு என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர்கள் எல்லாரும் கட்டைக் கணக்கில்தான் சுருதி சொல்வார்கள். நான் சர்ச்சில் கிடார் கற்றுக்கொண்டவள், எனக்கு டி மேஜர், ஈ மேஜர் என்றுதான் பழக்கம், ஆனால் குழுவுக்கு வந்த முதல் வாரமே ஒரு சீட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ரெண்டு கட்டை என்றால் டி. ரெண்டரை என்றால் அதற்கு அரைப்படி மேலே, கிடாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் கேப்போ என்கிற கிளிப்பை மாட்டிக்கொண்டு அதே விரல்களில் வாசிக்க வேண்டும். அடுத்து வரவிருந்த பாட்டை அக்கா எப்போதும் மூன்று கட்டையில் பாடுவார், அன்றைக்குச் சளி பிடித்திருந்தது, அதனால்தான் இறக்கிக்கொண்டார். அறிவிப்பாளர் மாப்பிள்ளையின் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஸ்பீக்கர் கரகரத்தது. ஆங்? என்றேன். அக்கா மறுபடி சொன்னார். என்னங்கக்கா? என்றேன். மறுபடியும் சொன்னார், ரெண்டு என்பது காதில் விழுந்தது, அதன் வால் விழவில்லை. ரெண்டோடு முடிந்ததா, ரெண்டுக்கு வால் இருக்கிறதா? அக்காவின் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது போல இருந்தது. இருந்தது போல என்ன, அசைந்தது, நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். கேப்போ என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பஸ் ஒரு சிக்னலில் நிற்கிறது. முன் சீட்டுக் குழந்தை அம்மாவின் தோள் வழியாக என்னைப் பார்க்கிறது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். குழந்தைகளிடம்கூட எனக்கு வெட்கம்தான், அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு எண்ணம். பாட்டின் தொடக்கத்தில் கிடார் மட்டும்தான், எட்டு சுற்று, வேறு யாரும் கிடையாது. அதை நான் வீட்டில் ஆயிரம் தடவை வாசித்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன், ரெண்டில். அக்கா எடுத்தார். அவரும் ரெண்டிலேயே எடுத்தார், அப்பாடா, சரியாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று எனக்கு மூச்சு வந்தது. பல்லவியின் இரண்டாவது வரியில் தனசேகரண்ணனின் கீபோர்டு உள்ளே வந்தது. குழுவை நடத்துகிறவர் அவர், மாப்பிள்ளையின் மாமாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி இரண்டு கையாலும் அழுத்தினார், அது ரெண்டரையில் வந்தது, அக்கா சொன்னது அவர் காதில் வாலோடு விழுந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? சோற்றில் பல்லுக்கு அடியில் கல் சிக்கினால் மண்டைவரைக்கும் ஒரு கூச்சம் ஏறுமே, மண்டபம் முழுக்க அந்தக் கூச்சம். அக்கா தடுமாறிக் கீபோர்டு பக்கம் ஏறினார், ஏறியதும் என் கிடார் கீழே நின்றது, என்னைப் பார்த்து மறுபடி இறங்கினார். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பையிலிருந்து கேப்போவை எடுத்து மாட்டுவது. மாட்டியிருந்தால் தப்பு யாருடையது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பாட்டு பிழைத்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால் சுண்டு விரலால் கிடாரின் வால்யூம் திருகைப் பூஜ்யத்துக்குத் திருகினேன். திருகிவிட்டு, வாசிப்பது போல விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிறவரைக்கும். நாலரை நிமிஷம்.

விரல் அது பாட்டுக்குத் திருகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், பதினோரு நாளாக. விரல் தானாகத் திருகாது. திருகும்போது மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: இனிமேல் யாருக்கும் தெரியாது. அவ்வளவு பயத்திலும் எவ்வளவு தெளிவான எண்ணம். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்வார்கள், பாவம் என்பார்கள், வாயில்லாப் பூச்சி என்பார்கள். வாயில்லாத பூச்சிக்குத்தான் விரல் இருக்கிறதே. திரும்பி வரும்போது வேனில் தனசேகரண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, "என்ன கோமளா, சுதியே சேரலையே. சளின்னா முன்னாடியே சொல்லிர வேண்டியதுதான. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியப் பாத்தீங்களா," என்றார். அவர் கெட்டவர் இல்லை, அலுப்பில் சொன்னார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அக்காவுக்கு அடுத்த சீட்டில் நான், மடியில் கிடார் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அக்காவின் வளையல் என் கையில் பட்டுக்கொண்டே வந்தது. வாழப்பாடி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாழப்பாடி வந்தது. டோல்கேட் தாண்டியதும் என்று நினைத்தேன். பிறகு எல்லாரும் தூங்கிவிட்டார்கள், தூங்குகிறவர்களை எழுப்பியா சொல்வது என்று நினைத்தேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து மூன்று கச்சேரி ஆகிவிட்டது. அக்காவைக் கூப்பிடவில்லை. காலேஜ் படிக்கிற ஒரு பெண் வந்து பாடுகிறது, கோமளாக்கா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார் தனசேகரண்ணன். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

சரி, அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு வந்த எவனோ அதை மொபைலில் எடுத்திருந்தான். அக்கா தடுமாறுகிற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, இருபத்தைந்து செகண்ட், மேலே "அக்கா சுருதியைத் தேடி ஆத்தூர் வந்தபோது" என்று எழுதி, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் முகங்களை வரிசையாக ஒட்டிவிட்டான். நான் பின்னால் மூலையில் தெரிகிறேன். வாய் பிளந்து, கண் இரண்டும் கோழி முட்டை மாதிரி, விரல் மட்டும் சின்சியராக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு நாளில் ஊரே பார்த்தது. கீழே வந்த கமெண்டுகளில் பாதி அக்காவைப் பற்றி, அதையெல்லாம் நினைக்க வேண்டாம். மீதி என்னைப் பற்றி. பின்னாடி இருக்கிற கிடார் பொண்ணைப் பாருங்கடா. செம க்யூட். இது அப்படியே அந்த ஜப்பான் கார்ட்டூன் பொண்ணு. எந்தப் பொண்ணு என்று எனக்குத் தெரியாது. மறுநாள் லோகு அனுப்பினான், எங்கள் குழுவில் ட்ரம்ஸுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பேடு வாசிக்கிறவன், "பெனி, பன்னெண்டு எபிசோடு, பாத்துரு, இது நீயேதான்" என்று. பார்த்தேன். ஒரு ஸ்கூல் பெண், வயலின் வாசிப்பாள், ஆள் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. யாராவது பேரைக் கேட்டால் குடை மாதிரி மடங்கிப்போய் வாசலில் செருப்பு ஸ்டாண்டு பக்கம் சாய்ந்துகொள்வாள், மழை வந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பீரோவுக்குள் உட்கார்ந்துதான் வாசிப்பாள், பீரோவையே கச்சேரி மேடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் சிரித்தேன், சிரிக்காமல் என்ன, அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். டெலிபோன் மணி அடித்தால் அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான் செய்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் ஒருவர் தறிக்குப் போகிற நூல் மூட்டையை ஏற்றுகிறார், அது என் முழங்காலை இடிக்கிறது, "சாரிம்மா" என்கிறார், நானும் சாரி என்கிறேன், எனக்கு எதற்கு சாரி. ஸ்கூலில் மேரி டீச்சர் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது பெனிட்டா என்பார், உள்ளேன் டீச்சர் என்பேன், அவருக்குக் கேட்காது, ஆப்சென்ட் போட்டுவிடுவார். ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பதினேழு நாள் லீவு எடுத்தவள் நான். அந்தக் கதையை லோகுவிடம் ஒருநாள் சொன்னேன், குழு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது, எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. பயம் என்பது எனக்கு மட்டும் வலிக்கிற சமாச்சாரம் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயிற்றுவலி மாதிரி, என்னுடையது, யாருக்கும் தொந்தரவில்லை. அந்தக் கார்ட்டூனில் அப்படித்தான். அவள் குடையாக மடங்கினால் அவளுக்குத்தான் கஷ்டம், பீரோவுக்குள் ஒளிந்தால் அவளுக்குத்தான் மூச்சு முட்டும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் பன் வாங்கிக் கொடுப்பார்கள். அவள் ஒளிந்துகொண்டதால் இன்னொருத்தியின் பிழைப்பு போனது என்று ஒரு எபிசோடுகூட இல்லை. நான் பன்னிரண்டையும் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் அடுத்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆத்தூர் வீடியோவுக்கு அப்புறம் ஒரு சேனல்காரர் எனக்கு மெசேஜ் அனுப்பினார், உங்களை ஒரு பேட்டி எடுக்கணும், பயப்படற கிடாரிஸ்ட் என்று தலைப்பு. நான் பயந்துபோய்ப் பதில் அனுப்பவில்லை. ஆனால் அந்த மெசேஜை அழிக்கவும் இல்லை. ஏன் அழிக்கவில்லை? கேவலம். எடுத்து எடுத்துப் பார்த்தேன், அதற்காகத்தான். அக்காவின் முகத்தின் மேல் ஒட்டிய மஞ்சள் முகங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, க்யூட் என்கிற வார்த்தையை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.

கர்த்தரிடம் சொல்லியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் செய்கிறபோது, தூணுக்குப் பின்னால் என் வழக்கமான இடத்தில் கிடாரோடு உட்கார்ந்து சொன்னேன். சர்ச்சில் வாசிக்க எனக்குப் பிடித்ததே அதனால்தான், வாசிக்கும்போது பாதிப் பேர் கண் மூடியிருப்பார்கள். அவரிடம் சொல்வது சுலபம். என்னது, கேட்கலையே என்று அவர் திருப்பிக் கேட்பதில்லை. அன்று மதியம் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டேன், லேசாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை ஒத்திகையில் அந்தக் காலேஜ் பெண் கோமளாக்காவின் பாட்டை எடுத்தாள், நல்ல குரல், தப்பே சொல்ல முடியாது, எனக்கு வலது கை வேலை செய்யவில்லை. பாவடி, பாவடி, என்று எங்கேயோ சத்தம். பாவடி எறங்கறவங்க வாங்க. இதுதான். பெரிய திடல், வெயிலில் நீளமாகப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு எதிர்ச் சந்தில்தான் அக்கா வீடு, எழுந்திரு. நூல் மூட்டைக்காரர் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் நகருங்க. இதைச் சொன்னால் போதும். என் சீட்டு பால் பண்ணைக்கு, பாவடியில் இறங்கினால் கண்டக்டர் ஏம்மா என்று கேட்பாரோ. நான் பாதி எழுந்து நிற்கிறேன், விசில் அடிக்கிறார்கள், பஸ் நகர்கிறது, நான் மறுபடி உட்காருகிறேன், சேலையைச் சரிசெய்வதற்காக எழுந்தது போல. நான் சுடிதார் போட்டிருக்கிறேன். திடல் பின்னால் போகிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஒரு நிம்மதி வருகிறது, சே, என்ன ஜென்மம், ஸ்டாப்பைத் தவறவிட்டதில் நிம்மதி.

பால் பண்ணையில் இறங்கித் திரும்பி நடக்கிறேன். இரண்டு ஸ்டாப் தூரம், மதியம் ஒரு மணி வெயில், தலையில் துப்பட்டா. இப்படியே எதிர்ப்பக்கம் நின்று பஸ் பிடித்தால் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கலாம், அம்மா ரசம் வைத்திருப்பாள். போனில் மெசேஜாக அனுப்பிவிட்டால் என்ன? மூன்று நாள் முன்பு எழுதினேன், எழுதிக்கொண்டே போனேன், என் சின்ன வயது, என் பயம், டீச்சர், ஆப்சென்ட், எல்லாம் எழுதி முடித்துப் படித்தால் அதில் அக்கா ஒரே ஒரு வரியில் வருகிறார். பாக்கி முழுக்க நான். படிக்கிறவர்கள் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்வதற்காக எழுதினது போல இருந்தது, அழித்துவிட்டேன். வெளியே விசைத்தறிச் சத்தம் தடதடவென்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாளம். அக்கா, அன்னைக்கு ஆத்தூர்ல. இல்லை, அக்கா, அந்தப் பாட்டு. இல்லை, நான் ரெண்டுல. எந்தப் பக்கம் தொடங்கினாலும் அந்தத் திருகில் போய் நிற்கிறது. கட்டை தப்பாகக் கேட்டதைச் சொல்லிவிடலாம், அது தப்புதான், பாவமில்லை, யாருக்கும் நடக்கும். திருகினதைச் சொல்லாமல் விட்டால்? சளி இருந்தது, சத்தம் இருந்தது, சரியாகக் கேட்கவில்லை, மன்னிச்சுருங்கக்கா. அழாத கண்ணு என்பார் அக்கா. அழகாக முடிந்துவிடும். நான் இப்படித்தான் யோசித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கதவு திறந்திருந்தது. கோமளாக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டைப் பை நிறைய ஜாக்கெட்டுகள், டெய்லர் கடையிலிருந்து வந்தவை. இதற்கு முன் அவரை மேடையிலும் ஒத்திகையிலும் தவிர நான் பார்த்ததில்லை.

"பெனியா? வா கண்ணு. என்ன, வேர்த்து ஊத்துது, நடந்தா வந்த?"

"ஸ்டாப்பை விட்டுட்டேன்க்கா."

"உக்காரு. தண்ணி கொண்டாரேன்."

"வேண்டாங்க்கா. ஆத்தூர்ல நான்தான் தப்பா வாசிச்சேன். நீங்க ரெண்டரை சொன்னீங்க. நான் ரெண்டுல வாசிச்சேன்."

வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஊசியில் நூலைக் கோத்துப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும் கண்ணு."

"தெரியுமா?"

"இருவத்திரெண்டு வருசமாப் பாடறேன், ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் வித்தியாசம் தெரியாதா? நீ மொத சுத்து வாசிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் பாட்டுக்கு ரெண்டரைல எடுத்திருப்பேன். எடுத்தா நீ மாட்டிக்குவ. சின்னப் பொண்ணு, ஏற்கெனவே பயந்துக்கிட்டு நிக்குது, சரி, நாமளும் ரெண்டுலயே போயிரலாம், தனசேகர் காதுல வாங்கிட்டு மாத்திக்குவாருன்னு எடுத்தேன். அவரு யாருகிட்டயோ பேசிட்டிருந்தாரு. திரும்பி ரெண்டரைலயே தட்டுனாரு. சரி, பொண்ணும் நானுமாச் சமாளிச்சுக்கலாம்னு உன்னத் திரும்பிப் பார்த்தா, உன் கிடாரையே காணோம்."

அந்த நாலரை நிமிஷத்தில் அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது திட்டுவதற்கு என்றே நான் நினைத்திருந்தேன். உதவிக்குப் பார்த்திருக்கிறார். எனக்காக இறங்கி வந்து தண்ணீரில் நின்றவரை நடுவில் விட்டுவிட்டு நான் கரையேறியிருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவர் ஓரத்தில் அவருடைய மேடை வளையல்கள் ஒரு டப்பாவில் இருந்தன, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்க்கா வால்யூமைக் குறைச்சேன். தெரிஞ்சேதான் குறைச்சேன்."

"ம்."

"நீங்க ஏன்க்கா வேன்ல சொல்லல?"

"பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்த. சொல்லுவேன்னு இருந்தேன்." இன்னொரு ஹூக்கை எடுத்துத் துணியில் வைத்துப் பார்த்தார். "வீட்டுக்கு வந்தும் ரெண்டு மூணு நாளு போனப் பக்கத்துலயே வச்சிருந்தேன். அப்புறம் அந்த வீடியோ வந்துச்சு. எம்பையன் காலேஜ்ல எல்லாம் காட்டிச் சிரிச்சாங்களாம். ஒரு வாரம் போகமாட்டேன்னுட்டான்."

"அண்ணன்கிட்ட நான் சொல்லிடறேன்க்கா."

அக்கா சிரித்தார். நல்ல சிரிப்புதான், என்னை எல்லாரும் பார்த்துச் சிரிக்கிற அதே அன்பான சிரிப்பு. "விடு கண்ணு. உன்னால முடியாது. நீ இவ்ளோ தூரம் வந்து எங்கிட்டச் சொன்னதே பெருசு. பாவம், மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. இரு, மோர் கலக்கறேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு சுகமாக இருந்தது. முடிந்தது, சொல்லிவிட்டேன், மன்னித்துவிட்டார், மோர் வருகிறது. உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. பை நிறைய ஜாக்கெட்டுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஹூக் வைக்கவேண்டும். அவருக்குத் தெரிந்த ஒன்றை அவரிடமே வந்து சொல்லிவிட்டு மோர் குடித்துக் கிளம்பப் போகிறேன். பாவம் என்று அவர் சொன்ன வார்த்தை மேலே ஏறி நின்றது. அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேனா? போனை எடுத்தேன். தனசேகரண்ணன் பேரைத் தொட்டேன். மணி அடிக்கிற சத்தத்தை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை, நின்றுகொண்டேன்.

"சொல்லு பெனி. என்ன அதிசயம், நீ போனெல்லாம் போடற." பின்னால் பேடு சத்தம், நான் வரவில்லை என்று சொல்லியிருந்த ஒத்திகையில் இருக்கிறார்கள். "டேய் லோகு, நிறுத்து, பெனி பேசுது. இரும்மா, ஸ்பீக்கர்ல போடறேன்."

ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

"அண்ணா, ஆத்தூர்ல கோமளாக்கா தப்பாப் பாடல. அக்கா ரெண்டரை சொன்னாங்க, எனக்குச் சரியாக் கேக்கல, மறுபடி கேக்காம ரெண்டுல வாசிச்சேன். அக்கா எனக்காக ரெண்டுல எடுத்தாங்க. நீங்க உள்ள வந்ததும் நான் வால்யூமை சுத்தமாக் குறைச்சிட்டேன். கடைசி வரைக்கும் சும்மா விரலத்தான் ஆட்டிட்டிருந்தேன்."

 அந்தப் பக்கம் முதலில் வந்தது லோகுவின் குரல், சிரிப்பில் குழைந்து, "ஐயோ, வாசிக்கற மாதிரி ஆக்டிங் குடுத்தியா? பெனி, நீ அப்படியே அந்தக் கார்ட்டூன்தான் போ." யாரோ கைதட்டினார்கள். தனசேகரண்ணனும் சிரித்தார். "சரி சரி, அழுவாத, உன்னை யாரு என்ன சொல்லப் போறாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் புதுப் பெண்ணும். என்மேல் எவ்வளவு பிரியம் அவர்களுக்கு. அந்தப் பிரியத்துக்குள் மடங்கிப் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு ஒரு விநாடி போதும், நானும் லேசாகச் சிரித்தால் போதும். சிரிக்க வாய் திறந்தது. அக்கா மோர் டம்ளரோடு உள்கதவில் நின்றிருந்தார், எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிரிக்காதீங்கண்ணா," என்றேன். குரல் உடைந்து பெரிதாக வந்தது, வீட்டுக்கு வெளியே தறிச் சத்தத்தைத் தாண்டி வந்தது. "நான் அழுவல. நான் பயத்துல பண்ணல, தப்பிக்கறதுக்குப் பண்ணேன். அக்கா வீட்டுலேர்ந்துதான் பேசறேன். அக்கா கேட்டுட்டு நிக்கறாங்க."

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக நின்றார்கள், கடைசியில் லோகு. தனசேகரண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது. "போனைக் கோமளாகிட்டக் குடு," என்றார்.

நான் போனை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.